ஆழ்கடலிற் காற்றாலை: இயலுமா என்ற வினாவின் வரலாறு

ஒரு புதிய பொறியைக் குறித்து “இஃது இயலுமா?” என்ற வினா எழும்பொழுது, அது பொறியியலாளர் மட்டுமே விடையளிக்கவேண்டிய வினா என்று நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கின்றோம். தொழில்நுட்பத்தின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். இயற்கை விதிகள் இடங்கொடுத்தமையால் மட்டும் எந்தப் பொறியும் உலகில் நிலைபெற்றுவிடவில்லை. அதனை ஆக்குவதற்கு வேண்டிய செல்வம் யார் கையில் இருந்தது, அதனால் இலாபமடைந்தவர் யார், இழப்பை ஏற்றவர் யார் என்பனவும் சேர்ந்தே அதன் தலைவிதியைத் தீர்மானித்து வந்துள்ளன. ஆழ்கடலில் மிதக்கும் காற்றாலைகளைப் பற்றி இன்று உலகெங்கும் நிகழும் வாதத்தை இந்தக் கண்கொண்டு நோக்குதல் பயனுடைத்து. புவி வெப்பமடைந்து வருகின்ற இக்காலத்தில் நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிடுதல் மனித குலத்துக்குத் தவிர்க்கவியலாத பணியாகிவிட்டது. அப்பணியை யார், எவ்வாறு செய்வது என்பதில் முற்போக்காளராகிய நாம் வாளாவிருத்தல் தகாது.

முதலில் இதன் பொறியியலைச் சிறிது விளங்கிக்கொள்வோம். கடலிற் காற்றாலை நாட்டுவதற்கு இன்று பெருவழக்காயுள்ள முறை, கடலடித் தரையில் உருக்குத் தூண்களைப் பதித்து அவற்றின்மேற் கோபுரத்தை நிறுத்துவதாகும். வடகடலின் தென்பகுதியைப் போன்ற ஆழமற்ற கடல்களுக்கு இது பொருந்தும். நீரின் ஆழம் ஐம்பது, அறுபது மீற்றரைக் கடந்ததும் தூணின் பருமனும் செலவும் மளமளவென ஏறிவிடுகின்றன. யப்பான், நோர்வே, போர்த்துக்கல், ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக்கரை ஆகிய இடங்களிலோ கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் கடலடி சரிந்து ஆழத்துட் சென்றுவிடுகின்றது. வலிமை மிக்க காற்று வீசுவதும் பெரும்பாலும் அத்தகைய ஆழ்கடல்களிலேயாம். அங்கே தூண் நாட்டவியலாது. காற்றாலையை மிதக்கவிட்டு நங்கூரமிடுதல் ஒன்றே வழி.

நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த கோபுரமொன்று, உச்சியிற் பல நூறு தொன் பாரத்தைச் சுமந்துகொண்டு, அலைகளின் நடுவே சாயாது நிற்பது எங்ஙனம்? இதற்கு மூன்று வழிகள் கண்டறியப்பட்டுள்ளன. அடிப்பகுதி கனத்த தலையாட்டிப் பொம்மை எவ்வளவு தட்டினாலும் மீண்டும் நிமிர்ந்து கொள்வதைப் போல, நீருக்கடியில் நெடிதாக நீளும் உருளையொன்றின் அடியிற் பாரமேற்றி நிறுத்துவது ஒரு வழி. பக்கமிதவை பூட்டிய தோணி அகன்று பரந்து நிற்பதனாற் கவிழாதிருப்பதைப் போல, மூன்று நான்கு மிதவைகளை இணைத்து அகன்ற தளமாக்குவது மற்றொரு வழி. மேலெழும்பத் துடிக்கும் தக்கையை நீருக்குள் இழுத்துக் கட்டுவதைப் போல, மிதவையைக் கடலடியுடன் விறைப்பான கம்பிகளாற் பிணைப்பது மூன்றாவது வழி.

இம்மூன்றும் காற்றாலைக்கெனப் பிறந்தவையல்ல என்பது ஈண்டு கருதத்தக்கது. ஆழ்கடலில் எண்ணெய் தேடிய முதலாளித்துவக் கம்பனிகள் இந்த அறிவைத் தமது தேவைக்காக வளர்த்தன. அகன்ற மிதவைத் தளம் மெக்சிக்கோ வளைகுடாவில் 1960களின் தொடக்கத்திற் பயன்பட்டது. விறைத்த கம்பியாற் பிணைக்கப்பட்ட முதல் எண்ணெய்த் தளம் 1984இல் வடகடலில் ஹட்டன் வயலில் நிறுவப்பட்டது. நெடிய உருளை மிதவை 1990களில் எண்ணெய் உற்பத்திக்கு வந்தது. எண்ணெய் தந்த இலாபம் பெரிதாயிருந்தமையால், ஒரு தளத்துக்குப் பெருஞ்செல்வத்தைக் கொட்டுவது அன்று “இயலும்” என்று கொள்ளப்பட்டது. அதே கடலில் அதே மிதவையின்மீது காற்றாலை வைப்பதுதான் பல்லாண்டுகளாக “இயலாது” எனப்பட்டது. இயலுமையின் அளவுகோல் எங்கிருந்து வருகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

காற்றிலிருந்து மின்சாரம் பெறும் கலையின் வரலாறோ வேறுவிதமானது. டென்மார்க்கில் அஸ்கொவ் என்னும் கிராமத்து மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியராயிருந்த போல் லா கூர் என்பார், 1891இல் அரசாங்கத்தின் உதவியுடன் அங்கு ஒரு சோதனைக் காற்றாலையை அமைத்தார். காற்று வீசாத வேளைக்கு மின்சாரத்தை எவ்வாறு சேமிப்பது என்பது அவரைப் பிடித்த பிரச்சினை. அவர் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசன் வாயுவைப் பெற்றார்; அவ்வாயுவே சில ஆண்டுகள் அப்பள்ளிக்கு ஒளி தந்தது. நகரத்து மின்சாரக் கம்பனிகள் எட்டிப்பாராத கிராமங்களுக்கு மின்னொளி கொடுப்பதே அவர் நோக்கம். அதற்காகக் கிராமத்து இளைஞரை மின்வினைஞராகப் பயிற்றினார். அவ்வாறு பயின்றோருள் ஒருவரான யொகானஸ் யூல் என்பவரே, பின்னர் 1957இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாற்றுக் காற்றாலையை அமைத்தார். பிற்காலத்து டேனிசுக் காற்றாலைகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது அதுவே.

1967இல் அந்தக் கெட்சர் ஆலை நிறுத்தப்பட்டது. எண்ணெய் மலிவாயிருந்த காலம் அது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிய பின்னரே காற்றின் நினைவு ஆட்சியாளருக்கு மீண்டது. டேனிசு ஆட்சியாளர் அணுசக்தியை நாடியபொழுது மக்கள் இயக்கங்கள் எதிர்த்து நின்றன. த்விண்ட் பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும், வந்துசேர்ந்த தொண்டர்களும் கூடி, 1975 முதல் 1978 வரை தம் கைகளாலேயே அக்காலத்து உலகின் மிகப் பெரிய காற்றாலைகளுள் ஒன்றை எழுப்பினர். அந்நிறுவனத்தின் பிற்கால வரலாறு சர்ச்சைக்குரியதே. எனினும் நிபுணர் ஐயுற்ற ஒன்றை மக்களின் கூட்டுழைப்பு நிறைவேற்றியது என்ற செய்தியை அச்சர்ச்சை அழித்துவிடாது. 1985இல் டேனிசுப் பாராளுமன்றம் அணுசக்தியை நாட்டின் திட்டங்களிலிருந்து நீக்கியது. 1991இல் உலகின் முதலாவது கடற்காற்றாலைத் தொகுதி விண்டெபியிற் பிறந்தது. பதினொரு சுழலிகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாற்று. நீரின் ஆழம் நான்கு மீற்றரளவே. பத்தாண்டு கழியுமுன், கோப்பன்ஹேகன் துறைமுகத்தின் வெளிப்புறத்தே மிடில்குருண்டன் என்னுமிடத்தில் 40 மெகாவாற்றுத் தொகுதியொன்று எழுந்தது. அதன் இருபது சுழலிகளுட் பத்து, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்களைப் பங்காளராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாயின. கடற்காற்று மக்களுடைமையாக இருத்தல் இயலும் என்பதற்கு இது நிலைத்த சான்று.

மிதக்கும் காற்றாலை என்ற எண்ணம் அமெரிக்காவில் உருப்பெற்றது. அமெரிக்கக் கடற்படையிற் கப்பற் கட்டுமானத் துறையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற வில்லியம் ஹெரோனெமஸ் என்பார், மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அவர் 1972இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். நியூ இங்கிலாந்துக் கரைக்கு அப்பால், பல சுழலிகளைத் தாங்கிய மிதவைகளை ஆழ்கடலில் நங்கூரமிட்டு, பெறப்படும் மின்சாரத்தால் ஐதரசன் உண்டாக்கிக் கரைக்கு அனுப்பலாம் என்பது அதன் சாரம். கிராமத்து ஆசிரியர் லா கூரின் சோதனை எட்டுத் தசாப்தங்களின் பின் கடற்படைப் பொறியியலாளர் ஒருவரின் கடல்சார்ந்த கனவாக மறுபிறவி எடுத்தது எனலாம். அக்கனவுக்கு அரசும் முதலாளிகளும் செவிசாய்க்கவில்லை. அமெரிக்க அரசின் காற்றாலைப் பணம் 1970களில் தரையில் நிறுத்தும் பெருஞ்சுழலிகளின்பாற் சென்றது; எண்ணெய் விலை தாழ்ந்ததும் அதுவும் சுருங்கியது. ஹெரோனெமஸ் 2002இற் காலமானார். தாம் எண்ணிய முழு அளவுச் சுழலி ஆழ்கடலில் மிதப்பதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை.

அதனைச் செய்து காட்டியது நோர்வேயின் அரச எண்ணெய்க் கம்பனியே. 2009இல் கார்மொய்த் தீவுக்குப் பத்துக் கிலோமீற்றர் அப்பால், ஏறத்தாழ இருநூறு மீற்றர் ஆழத்தில், 2.3 மெகாவாற்றுச் சுழலியொன்று நெடிய உருளையின்மேல் மிதந்தது. ஹைவிண்ட் என்பது அதன் பெயர். 2011இல் போர்த்துக்கலின் கரைக்கு அப்பால் முக்கோண மிதவையின்மேல் 2 மெகாவாற்றுச் சுழலியொன்று இயங்கலாயிற்று. 2017இல் ஸ்கொத்லாந்தின் பீற்றர்ஹெட் நகருக்கு 25 கிலோமீற்றர் அப்பால், ஐந்து சுழலிகளும் 30 மெகாவாற்றும் கொண்ட முதலாவது மிதக்கும் தொகுதி பிறந்தது. முதல் ஐந்து ஆண்டுகளில் அது, இடையறாது முழுவலுவுடன் இயங்கினாற் கிடைக்கக்கூடிய மின்சாரத்தில் ஏறத்தாழ 54 வீதத்தைத் தந்தது. கரையோரக் காற்றாலைகள் பலவும் எட்டாத அளவு அது. எனவே பொறியியலைப் பொறுத்தவரையில் இயலுமா என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது: இயலும்.

ஆயின் இவ்விடையைக் குறைகளோடு சேர்த்தே கூறுதல் நேர்மையாகும். தரையிலோ ஆழமற்ற கடலிலோ நிற்கும் சுழலி பழுதுற்றால் பாரந்தூக்கியை அவ்விடத்துக்கே கொண்டுசெல்லலாம். மிதப்பதைக் கடலின் நடுவே பழுதுபார்த்தல் அரிது. 2022இல் ஸ்கொத்லாந்தின் கிங்கார்டின் தொகுதியிலிருந்து சுழலியொன்று பழுதுபார்ப்பதற்காக ஒல்லாந்தின் ரொட்டர்டாம் வரை இழுத்துச் செல்லப்பட்டது. 2024இற் பீற்றர்ஹெட்டுக்கு அப்பாலிருந்த ஐந்து சுழலிகளும் ஒருங்கே நோர்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டன.

யப்பானின் அனுபவம் இதனினும் கசப்பானது. 2011இல் நிகழ்ந்த புக்குசிமா அணு விபத்தின் பின், அதே கடலிற் காற்றாலைகளை மிதக்கவிட்டு அப்பகுதிக்குப் புத்துயிரளிப்போம் என்று அரசு கூறியது. 2013இல் 2 மெகாவாற்று, 2015இல் 7 மெகாவாற்று, 2016இல் 5 மெகாவாற்று என மூன்று சுழலிகள் கரைக்கு இருபது கிலோமீற்றர் அப்பால் நிறுவப்பட்டன. பெரியதான 7 மெகாவாற்றுச் சுழலியின் புதுமையான எண்ணெயழுத்தப் பொறி மீண்டும் மீண்டும் பழுதுற்றது. அது 2020இல் அகற்றப்பட்டது. எஞ்சியவற்றையும் இலாபமில்லை என்று அகற்றிவிட அவ்வாண்டின் இறுதியில் அரசு முடிவெடுத்தது. 6,000 கோடி யென் அளவிலான பொதுப்பணம் அதிற் சென்றது. சோதனையில் தோல்வி நேர்வது இயல்பே; அதனை நாம் குறைகூறவில்லை. ஆயின் அணு உலையால் வாழ்வு குலைந்த கரையோர மக்களிடம் புத்துயிர் எனக் கூறிக் கொணரப்பட்ட திட்டம் ஒன்று, இலாபக் கணக்கு ஒவ்வாதபொழுது அவர்களை விட்டு நீங்கியதென்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

இனி விலையைப் பற்றிச் சிந்திப்போம். பிரித்தானியாவில் அரசு, புதிய மின்நிலையங்களுக்கு உறுதிசெய்யப்பட்ட விலையொன்றை ஏலமுறையில் வழங்குகின்றது. 2023ஆம் ஆண்டு ஏலத்திற் கடற்காற்றாலை எதுவுமே பங்குகொள்ளவில்லை. அரசு விதித்த உச்ச விலை போதாது என்று கம்பனிகள் ஒதுங்கிக்கொண்டன. தொழிலாளர் கூலி போதாதென்று வேலைநிறுத்தஞ் செய்தாற் பத்திரிகைகள் கூக்குரலிடுகின்றன. மூலதனம் வேலைநிறுத்தஞ் செய்தால் அதனைச் சந்தையின் விதி என்கின்றன. அடுத்த ஆண்டு ஏலத்துக்காக அரசு உச்ச விலையை மிதக்கும் காற்றாலைக்கு ஒரு மெகாவாற்று மணிக்கு 116 பவுணிலிருந்து 176 பவுணாக உயர்த்தியது. 2024இல் 400 மெகாவாற்று மிதக்கும் திட்டமொன்று ஏறத்தாழ 140 பவுணுக்கு ஒப்பந்தம் பெற்றது. அதே ஏலத்தில் தூண் நாட்டும் புதிய காற்றாலைகள் ஏறத்தாழ 59 பவுணுக்கு ஒப்புக்கொண்டன. இத்தொகைகள் யாவும் 2012ஆம் ஆண்டு விலைப்படி கணக்கிடப்பட்டவை. மிதப்பதன் விலை நிற்பதன் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டது என்பது இதனாற் பெறப்படும். 2023 முடிவில் உலகக் கடற்காற்றாலைகள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 75,000 மெகாவாற்றாயிருக்க, மிதப்பன 240 மெகாவாற்றளவேயாயிருந்தமைக்குக் காரணமும் இதுவே.

இவ்விலை மாறாத இயற்கை விதியன்று. விண்டெபியின் நான்கு மீற்றர் ஆழத்துச் சிறு சுழலிகளும் ஒருகாலத்தில் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளாகவே தோன்றியிருக்கும். ஒரே வகை மிதவையை நூற்றுக்கணக்கிற் கட்டும் துறைமுகமும் பயின்ற தொழிலாளரும் இருப்பின் செலவு குறையும். அத்துறைமுகத்தையும் பயிற்சியையும் இன்றைய இலாபத்தை மட்டும் நோக்கும் கம்பனி தானாக முன்வந்து ஆக்காது. ஆதலாற் பொதுப்பணம் இறங்கியே தீரவேண்டும். பொதுப்பணம் இறங்குமாயின், அதன் பயனும் பொதுவாதல் வேண்டும் அல்லவா?

நோர்வேயின் தம்பென் தொகுதி இவ்வினாவை நம்முன் வெளிச்சமாக வைக்கின்றது. 2023இல் திறந்துவைக்கப்பட்ட அத்தொகுதி 88 மெகாவாற்றுக் கொண்டது. திறக்கப்பட்டபொழுது உலகில் மிதப்பனவற்றுட் பெரியது அதுவே. கரையிலிருந்து 140 கிலோமீற்றர் அப்பால், 260 முதல் 300 மீற்றர் வரை ஆழமுள்ள கடலில், பதினொரு சுழலிகள் கொங்கிறீற் மிதவைகளின்மேல் நிற்கின்றன. நோர்வே அரசின் நிதியம் அதற்கு 230 கோடி குரோனர் வரை மானியம் ஒதுக்கியது. அந்த மின்சாரம் எங்கே செல்கின்றது? எந்த வீட்டுக்கும் செல்லவில்லை. ஸ்நோரே, குல்பக்ஸ் என்னும் எண்ணெய் வயல்களின் தளங்களுக்குச் செல்கின்றது. அத்தளங்களின் மின்தேவையில் மூன்றிலொரு பங்களவை அது நிறைவுசெய்கின்றது. அத்தளங்களில் எரிக்கப்பட்ட வாயு குறைகின்றதென்பது உண்மை, அது நன்மையே. ஆயின் எரிபொருளைக் கைவிடுவதற்கெனப் பிறந்த கருவி, எரிபொருளைத் தோண்டும் கருவிக்கு ஊழியஞ் செய்கின்றது. சீனாவிலும் 2023இல் ஹைனான் தீவுக்கு 136 கிலோமீற்றர் அப்பால் மிதக்கவிடப்பட்ட 7.25 மெகாவாற்றுச் சுழலி எண்ணெய் வயலொன்றுக்கே மின்சாரம் தருகின்றது. கருவி எதுவென்பதைவிட, அது எத்தேவைக்குப் பணிகின்றது என்பதே முதன்மையான வினா என்பதை இவ்விரு செய்திகளும் உணர்த்துகின்றன.

உழைப்பாளரின் நிலை யாது? ஸ்கொத்லாந்தின் பைவ் பகுதியில் எண்ணெய்த் தளங்களைக் கட்டிப் பழகிய தொழிலாளர், தமது கரைக்கு அப்பால் எழும் காற்றாலைகளின் வேலை தமக்கு வரும் என்று நம்பியிருந்தனர். பீற்றர்ஹெட்டுக்கு அப்பால் மிதந்த உருளைகள் ஸ்பெயினிற் கட்டப்பட்டு, நோர்வேயிற் பொருத்தப்பட்டு, ஸ்கொத்லாந்துக் கடலுக்கு இழுத்துவரப்பட்டன. 2017 நவம்பரில் பைவ் தொழிலாளர் தமது பணித்தளங்களைக் காக்குமாறு கோரி எடின்பரோவில் ஊர்வலம் சென்றனர். அவர்தம் கம்பனி 2020 டிசம்பரில் முறிந்தது. ஸ்பானிய உழைப்பாளி ஸ்கொத்திய உழைப்பாளியின் எதிரியல்லன். ஒருவரை மற்றவருக்கு எதிராக மலிவு விலைக்கு நிறுத்தும் முறையே இருவருக்கும் எதிரி.

கடற்றொழிலாளரின் வினா இதனினும் கூர்மையானது. மிதவையொன்றின் நங்கூரச் சங்கிலிகள் பல நூறு மீற்றர் தூரம் பரந்து கிடப்பன. சங்கிலிக்கும் மின்வடத்துக்கும் இடையே இழுவை வலை இழுத்தல் இயலாது. அமெரிக்காவின் மேயின் மாநிலத்துச் சிங்கறால் பிடிப்போர் 2021 மார்ச்சில், மொன்ஹெகன் தீவருகே நடந்த மின்வட ஆய்வுக்கு எதிராகப் படகுகளுடன் கடலிற் திரண்டனர். அவ்வாண்டு மாநில அரசு தனது கரையோர நீர்ப்பரப்பிற் காற்றாலை அமைத்தலைச் சட்டத்தால் தடுத்தது. கதை அத்துடன் முடியவில்லை. 2023இல் அங்கு நிறைவேறிய மற்றொரு சட்டம், 2040இற்குள் 3,000 மெகாவாற்றுக் கடற்காற்று மின்சாரம் பெறுதலை இலக்காக வகுத்தது. சிங்கறால் பிடிக்கும் முதன்மையான பகுதியைத் தவிர்க்கும் திட்டங்களுக்கு முன்னுரிமை அளித்தது. துறைமுக வேலைக்கு உழைப்பாளர் நலன் காக்கும் விதிகளையும் சேர்த்தது. மீனவரும் தொழிற்சங்கங்களும் சூழலியலாளரும் தத்தம் குரலை எழுப்பியமையால் விளைந்தது அது. 2025 சனவரியில் அமெரிக்காவின் புதிய அதிபர் சமஷ்டிக் கடற்பரப்பிற் காற்றாலைக்குப் புதிதாக இடம் குத்தகைக்கு விடுவதை நிறுத்தினார் என்பது வேறு கதை. ஒரு கையொப்பத்தால் இயல்வது இயலாததாகிவிடும் என்பதை அது காட்டிற்று.

அரசுடைமை என்ற பெயர் மட்டும் போதும் என்று நாம் மயங்குதலும் தவறு. நோர்வேயின் பொசென் தீபகற்பத்தில் அரசுக் கம்பனியின் பங்குடன் தரையில் எழுந்த காற்றாலைகள், கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் உரிமையை மீறியவை என 2021இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னும் சுழலிகள் சுழன்றுகொண்டேயிருந்தன. 2023இற் சாமி இளைஞர் ஒஸ்லோவில் அமைச்சு வாயில்களை மறித்த பின்னரே அரசு மன்னிப்புக் கோரியது. மக்களின் பங்கேற்பு இல்லாதவிடத்து அரசுடைமையும் மேலிருந்து வரும் கட்டளையாகவே நின்றுவிடும்.

எமது நாட்டிலும் இவ்வினா அயலானதன்று. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது சுழலிகளைக் கொண்ட நூறு மெகாவாற்றளவான காற்றாலைத் தொகுதி திறக்கப்பட்டது. அது தரையில் நிற்பது. அத்தீவைச் சூழ்ந்த கடல் ஆழமற்றதாகலின் அங்கு மிதவைக்குத் தேவை இராது. ஆயினும் மன்னார் மக்களும் மீனவரும் எழுப்பிய வினா, மேயின் மீனவரும் சாமி மேய்ப்பரும் எழுப்பிய அதே வினாவாகும்: எம்மைக் கேட்டீர்களா?

காற்றாலை முழுவதும் ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி என்று ஒதுக்குவோர் எம்மிடையே உளர். பொறி ஒன்றே உலகைக் காத்துவிடும் என்று கைகட்டி நிற்போரும் உளர். இருசாராரும் வரலாற்றைப் படிக்கத் தவறியவர்கள் என்றே நாம் கருதுகின்றோம். நூறாண்டுகளுக்கு முன் ஆசிரியர் ஒருவர் கிராமத்து இருளைப் போக்கக் காற்றை நாடினார். எண்ணெய் முதலாளிகள் கடலின் ஆழத்தை வசப்படுத்தும் கலையைத் தம் இலாபத்துக்காக வளர்த்தனர். இவ்விரு ஓடைகளும் கலந்ததன் விளைவே மிதக்கும் காற்றாலை. எனவே அது மிடில்குருண்டனின் வழியிற் செல்லவும் கூடும். தம்பெனின் வழியிற் செல்லவும் கூடும். பொறியியலின் விடை வந்துவிட்டது. விலையின் விடை, கட்டுவதற்கு எத்தனை பேர் எவ்வளவு காலம் ஒருங்கு முயல்கின்றனர் என்பதைப் பொறுத்து வரும். எஞ்சிய விடையை எழுதவேண்டியவர்கள் மீனவரும், பட்டறைத் தொழிலாளரும், மின்விளக்கின்கீழிருந்து படிக்கும் மாணவருமே. அவர்கள் வாய்திறக்கும்வரை கடலின் காற்றும் சிலருடைய கணக்கேட்டிலேயே வீசிக்கொண்டிருக்கும்.